ரூட்டர் வாங்கும் முன் அடித்தட்டைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் திருவிழாதான். பாட்டு, படம், கேம்ஸ், ரயில் டிக்கெட், மின்கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். மூன்றாவது மாதம் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து உருப்படியாக என்ன செய்தோம்?"

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒரு பொருள் செய்து காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். பள்ளியில் படிக்கும் மகனுக்குக் கித்தார் மேல் ஆசை. சரி, எலக்ட்ரிக் கித்தார் ஒன்றை நாமே செய்வோம் என்று இறங்கினேன். அதில் நான் கெடுத்த பலகையும் கற்ற பாடமும்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் கித்தார் செய்யாமல் போகலாம். ஆனால் கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்திலோ வேறு பொருளிலோ கொண்டுவர நினைக்கும் யாருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரூட்டர் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது இன்டர்நெட் பெட்டி. நான் சொல்வது மரத்தில் பள்ளம் எடுக்கும் மெஷின். நுனியில் ஒரு பிட்டை மாட்டினால் அது நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழன்று மரத்தைச் சீவி எடுக்கும். சன்மைக்கா ஓரம் வெட்ட நம் ஊர்த் தச்சர்கள் டிரிம்மர் என்று ஒன்றை வைத்திருப்பார்களே, அது இதன் தம்பி. இன்டர்நெட்டில் வெறுமனே ரூட்டர் என்று தேடினால் வைஃபை பெட்டிகளாக வந்து குவியும். வுட் ரூட்டர் அல்லது டிரிம் ரூட்டர் என்று தேடுங்கள்.

கித்தாருக்கு ஏன் இவ்வளவு துல்லியம்?

வீணை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. 2013ல் புவிசார் குறியீடும் பெற்றது. அதில் 24 மெட்டுகளை மெழுகின் மேல் வைத்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். தவறினால் மெழுகை இளக்கி மறுபடி வைக்கலாம். கித்தாரில் அந்த வசதி கிடையாது. மெட்டு உட்கார வேண்டிய இடத்தை வாளால் அறுத்துவிடுகிறோம். அறுத்தது அறுத்ததுதான். காது செய்த வேலையை இங்கே அளவு செய்ய வேண்டும். அளவைத் திரும்பத் திரும்பத் தப்பாமல் கொண்டுவரும் அச்சுக்குத்தான் ஜிக் என்று பெயர்.

எலக்ட்ரிக் கித்தார் இவ்வளவு பரவியதற்கும் இதுவே ஒரு காரணம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. 1950ல் அவர் கொண்டுவந்த கித்தாரின் உடல் ஒரே கெட்டிப் பலகை. கழுத்துத் தனியாகச் செய்து திருகாணியால் முடுக்கப்பட்டது. அச்சு வைத்து ரூட்டரால் வெட்டினால் ஒன்றைப் போலவே அடுத்ததும் வரும். ரேடியோ மெக்கானிக் யோசித்த கித்தார் என்பதால்தான் நம்மைப் போன்ற வீட்டுக் கைகளும் அதை முயன்று பார்க்க முடிகிறது. அதே எலக்ட்ரிக் வாத்தியக் குடும்பத்தில்தான் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கர்நாடக இசை வாசித்தார். கித்தாரிலேயே கர்நாடக இசையை வாசித்தவர்கள் சுகுமார் பிரசாத், பிரசன்னா. ஆகவே இது நமக்கு அந்நிய வாத்தியம் அல்ல.

நான் கெடுத்த பலகை

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில். வீட்டு முற்றத்தில் பாட்டி காலத்து ஊஞ்சல் பலகை ஒன்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆறடி நீளப் பலா. பல வருஷம் காய்ந்த மரம். அறுக்கப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு மனசு இல்லை. "அதுல உக்காந்துதான்டா உங்க ஆச்சி எனக்குத் தலை பின்னிவிடுவா" என்றார். பேரன் கையில் பாட்டாக இருக்கட்டுமே என்று சொல்லிச் சமாளித்தேன்.

நெட்டிலிருந்து ஒரு கித்தார் வரைபடம் இறக்கினேன். பிரிண்ட் எடுத்தேன். ராஜபாளையத்தில் வாங்கி வந்த எம்டிஎஃப் பலகையில் ஒட்டி அச்சு வெட்டினேன். புது டிரிம்மரால் உடலைச் சுற்றி வெட்டியபோது அழகாகவே வந்தது. பிறகு கழுத்து உட்காரும் பள்ளத்தை எடுத்தேன். கழுத்தை வைத்துப் பார்த்தால் உள்ளே போகவில்லை. கழுத்தின் அகலம் 56 மி.மீ. பள்ளம் 54 மி.மீ.தான் சொச்சம். பிரிண்ட் டயலாக் பாக்ஸில் 'ஃபிட்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பேப்பரின் ஓரத்துக்குள் அடங்குவதற்காக பிரிண்டர் படத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டு மி.மீ. தானே என்று அச்சு இல்லாமல் கையோட்டமாகப் பள்ளத்தை அகலப்படுத்தப் போனேன். பள்ளம் பலகையின் ஓரத்தில் இருக்கிறது. டிரிம்மரின் அடித்தட்டோ உள்ளங்கை அகலம். அதில் பாதிக்கு மேல் அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி சாய்ந்தது. பிட் பலகைக்குள் இறங்கி ஒரு விரல் நீளத்துக்குக் குதறிவிட்டது. மஞ்சள் தூளாகப் பறந்தது பலா. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் இசட் அழுத்திப் பழகிய விரலுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மரத்துக்கு 'அன்டூ' கிடையாது.

அம்மா வந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் எங்கள் தெரு ஆசாரியிடம் பலகையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உளி தப்பினா ஒரு நூல் போகும். இந்த மெசின் தப்பினா பலகையே போயிரும். மொதல்ல அது நிக்கிறதுக்கு எடம் குடுங்க."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்தும் அதுவே. ரூட்டர் வாங்கப் போகும்போது எல்லோரும் வாட்ஸ் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிராசசர் வேகத்தை மட்டும் கேட்டுக் கம்ப்யூட்டர் வாங்குவது போல. உண்மையில் வேலையைத் தீர்மானிப்பது அந்த மெஷின் எதன் மேல் நிற்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது என்பதுதான். அதாவது பேஸும் ஜிக்கும்.

எந்த பேஸ் வாங்கலாம்?

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பிக்சட் பேஸ். ஆழத்தை ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டால் மாறாது. உடலின் ஓரத்தை அச்சுப்படி சீவவும், முனையை உருட்டவும் இது போதும். இன்னொன்று ப்ளஞ்ச் பேஸ். இதில் மெஷின் இரண்டு தண்டுகளின் மேல் நிற்கும். அழுத்தினால் சுழலும் பிட் நேராக மரத்துக்குள் இறங்கும். விட்டால் மேலே வந்துவிடும். பலகையின் நடுவில் பள்ளம் எடுக்க இதுதான் பாதுகாப்பு. கித்தாரில் பிக்அப் உட்காரும் குழி, ஒயர்களும் வால்யூம் பொட்டன்ஷியோமீட்டரும் இருக்கும் குழி இரண்டுமே நடுவில் வருபவை. பிக்சட் பேஸை ஓடவிட்டுச் சாய்த்து இறக்குவது ஆபத்தான வழக்கம்.

என் சிபாரிசு இது. அரை அங்குல பிட் மாட்டும் பெரிய ரூட்டர் முதல் கித்தாருக்குத் தேவையில்லை. கனம் அதிகம். புதியவர் கைக்கு அடங்காது. இரண்டு பேஸும் சேர்ந்து வரும், அல்லது ப்ளஞ்ச் பேஸைப் பிறகு தனியாக வாங்கி மாட்டக்கூடிய சின்ன டிரிம் ரூட்டர் வாங்குங்கள். உதாரணமாக மகிட்டாவின் ஆர்டி 0700 வரிசை 710 வாட்ஸ், வேகத்தை 10,000லிருந்து 30,000 வரை மாற்றலாம், மாற்று பேஸ்களும் உண்டு. வேறு கம்பெனிகளிலும் இதுபோல் இருக்கின்றன. வேகம் மாற்றும் வசதியும் மாற்று பேஸும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். சாய்வு பேஸ், ஆஃப்செட் பேஸ் எல்லாம் பெட்டியில் பார்க்க அழகாக இருக்கும். முதல் கித்தாருக்கு அவை தேவைப்படாது.

இன்னொரு எச்சரிக்கை. பிட்டின் காம்பு கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. சில மெஷின்களின் பிடி 6 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்கேனர் செய்து தரும் அடித்தட்டு

கூட வரும் அடித்தட்டு சின்னதாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் உதவுகிறது. அடியில் உள்ள பிளாஸ்டிக் தகட்டைத் திருகு கழற்றி எடுங்கள். ஸ்கேனர் கண்ணாடியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரில் அந்தப் படத்தைத் திறந்து, ஸ்கேலின் 100 மி.மீ. சரியாக 100 மி.மீ. காட்டும்படி அளவை ஒழுங்கு செய்யுங்கள். திருகு துளைகள் மேலும் நடுத்துளை மேலும் வட்டம் போடுங்கள். அதைச் சுற்றி 30 செ.மீ. நீளத்தில் புதிய தகடு வரையுங்கள். பிரிண்ட் எடுத்து 6 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் ஒட்டித் துளை போட்டால் பாலம் போல ஒரு பெரிய அடித்தட்டு தயார். திருகுத் தலைகள் தகட்டுக்குள் அமுங்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் மரத்தைக் கீறும். அக்ரிலிக் கண்ணாடி போல இருப்பதால் பிட் எங்கே போகிறது என்பதும் தெரியும். எந்தக் குழியின் மேலும் இது சாயாது. இது என்னிடம் முதலிலேயே இருந்திருந்தால் ஆச்சியின் பலகை தப்பியிருக்கும்.

அச்சு தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை

ஒன்று. வரைபடத்தின் மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்று எப்போதும் போடுங்கள். பிரிண்ட் எடுத்ததும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் கத்தரியை எடுங்கள்.

இரண்டு. கித்தார் உடல் சுமார் 40 செ.மீ. நீளம், 32 செ.மீ. அகலம். ஏ4 தாள் நான்கு போதும். பைலை பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபாட் ரீடரின் பிரிண்ட் பகுதியில் 'போஸ்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அளவை 100 சதவீதம் என்று வையுங்கள். ஒரே தாளில் அடங்கும் படம் என்றால் 'ஆக்சுவல் சைஸ்'. 'ஃபிட்' பக்கமே போகாதீர்கள்.

மூன்று. மெட்டுகளின் இடத்துக்கு எக்ஸெல் அல்லது இலவச லிபர் ஆபீஸ் கால்க் போதும். கம்பியின் ஓடும் நீளம் 648 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் 1 முதல் 22 வரை எண்களை நிரப்புங்கள். பக்கத்துக் கட்டத்தில் =648-648/2^(ஏ1/12) என்று டைப் செய்து கீழே வரை இழுங்கள். (ஏ என்பதை ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும்.) முதல் மெட்டு 36.37 மி.மீ., ஐந்தாவது 162.55, பன்னிரண்டாவது சரியாகப் பாதியான 324 மி.மீ. என்று வரும். இவை எல்லாம் கம்பி தொடங்கும் மேல்முனையிலிருந்து எடுக்க வேண்டிய அளவுகள். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போனால் சின்னத் தவறுகள் சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும்.

நான்கு. பேரிங் வைத்த பிட் அச்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும். அச்சில் உள்ள மேடு பள்ளமும் அப்படியே மரத்தில் பதிவாகும். எனவே அச்சின் ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கப் பொறுமை வேண்டும். பிட்டின் வெட்டும் பகுதி நீளத்தையும் பாருங்கள். அச்சு 12 மி.மீ. தடிமன், பிட் 25 மி.மீ. நீளம் என்றால், பேரிங் அச்சைத் தொடுவதற்குள் பிட் மரத்தில் 13 மி.மீ.க்கு மேல் இறங்கியிருக்கும். ஒரே இழுப்பில் அது மிக அதிகம். குட்டையான பிட் அல்லது தடிமனான அச்சு தேவை.

கம்ப்யூட்டர் வேண்டாத ஒரு ஜிக்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பள்ளத்துக்கு வரைபடமே தேவையில்லை. செய்து முடித்த கழுத்தை உடல் மேல் சரியான இடத்தில் வையுங்கள். அதன் இரண்டு பக்கமும், கடைசி முனையிலும் நேரான எம்டிஎஃப் சட்டங்களை ஒட்டினாற்போல் வைத்து கிளாம்ப் போடுங்கள். கழுத்தை எடுத்துவிட்டால் சட்டங்களுக்கு நடுவில் இருப்பதுதான் உங்கள் அச்சு. பேரிங் பிட்டால் 16 மி.மீ. ஆழம் வரை சிறிது சிறிதாக எடுத்தால் கழுத்துக் கச்சிதமாக உட்காரும். பிட் வட்டமாகச் சுழல்வதால் மூலைகள் வளைந்திருக்கும். அவற்றை உளியால் எடுக்க வேண்டும். அதை எங்கள் ஆசாரி இரண்டு நிமிடத்தில் முடித்தார். நான் செய்திருந்தால் அரை நாள்.

கையில் உண்மையான பொருள் இருக்கும்போது படத்தை நம்பாதீர்கள். கையில் இல்லாததை வரையவும், கணக்குப் போடவும், பிரதி எடுக்கவும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள்.

சிஎன்சி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நண்பர் ஒருவர் கேட்டார். கதவில் பூவேலை செய்யும் சிஎன்சி மெஷின்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன, பைலைக் கொடுத்தால் கித்தாரையே வெட்டிக் கொடுத்துவிடுவார்களே என்று. நியாயமான கேள்விதான். என் பதில்: அச்சை வேண்டுமானால் அங்கே வெட்டி வாங்குங்கள். எம்டிஎஃப் அச்சு கெட்டால் இன்னொன்று வெட்டலாம். நல்ல மரத்தை மட்டும் உங்கள் கையால் வெட்டுங்கள். மரத்தில் முடிச்சு எங்கே, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பைலுக்குத் தெரியாது. ஒரு அச்சு இருந்தால் பத்துக் கித்தார் செய்யலாம், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இரவல் தரலாம்.

விரல்கள் பத்திரம்

பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. காம்பை முழுவதும் உள்ளே தள்ளி, இரண்டு மூன்று மி.மீ. வெளியே இழுத்து முடுக்குங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம் போதும். ஆசாரி கணக்கில் ஒரு நூல். வெளி ஓரத்தைச் சுற்றும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், குழிக்குள் கடிகார முள் திசையிலும் நகர்த்துங்கள். மாற்றி நகர்த்தினால் மெஷின் கையை மீறி ஓடும். கண்ணாடி, முகக்கவசம், காதுக்கு அடைப்பு மூன்றும் கட்டாயம். பெரிய விட்டமுள்ள பிட்டுக்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். முதல் வெட்டு எப்போதும் விறகுப் பலகையில்.

ஊஞ்சலின் மீதிப் பாதியில் இரண்டாவது உடலை வெட்டினேன். அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பெரிய அடித்தட்டு அசையவில்லை. கழுத்து, லேசாகத் தட்டியதும் பள்ளத்தில் இறங்கி நின்றது. விரல்பலகை தோதகத்தி. மகன் இப்போது அதில்தான் பழகுகிறான். ஸ்வரம் பிசகினால் அது அவன் விரலின் குற்றம், மெட்டின் குற்றம் அல்ல என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

கெட்டுப்போன முதல் பலகையைக் கம்ப்யூட்டர் மேஜைக்கு மேல் சுவரில் மாட்டியிருக்கிறேன். பிரிண்ட் கட்டளை கொடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். உடனே அளவு 100 சதவீதம்தானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்வேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.